நெஞ்சில் விழுந்த பள்ளம்

"ஏட்டி, புள்ளை சட்டையைத் தூக்கு" என்றாள் அம்மா.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அப்போது இரவு பதினொன்றரை. திருநெல்வேலியில் சாயங்காலம் ஐந்து மணி. 2021 ஜூலை மாதம் முதல் வாரம். என் மகனுக்கு மூன்று மாதம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மூன்று நாளாகச் சளி, கொஞ்சம் இருமல். காய்ச்சல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பால் மட்டும் சரியாகக் குடிக்கவில்லை. இரண்டு இழுப்பு இழுப்பான், மூச்சு வாங்கும், விட்டுவிட்டு அழுவான். இதையெல்லாம் வீடியோ காலில் பார்த்துக்கொண்டே இருந்த அம்மா திடீரென்று சட்டையைத் தூக்கச் சொன்னாள். தூக்கி, போனை அவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தேன்.

ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் வந்தது. விலா முடிந்து வயிறு தொடங்கும் இடத்தில், யாரோ கட்டைவிரலால் அழுத்தியதுபோல ஒரு குழி விழுவதும் எழுவதுமாக இருந்தது. மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து விரிந்து சுருங்கின.

"பள்ளம் விழுதுல்லா. இனி வீட்டுல வச்சிருக்காத. கிளம்பு."

அம்மா மருத்துவம் படித்தவள் இல்லை. என் தம்பிக்கு ஆறு மாதத்தில் இப்படி ஒரு சளி வந்து, பாளையங்கோட்டையில் ஒரு வாரம் ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தவள். முப்பது வருடம் ஆகியும் அந்தப் பள்ளம் அவளுக்கு மறக்கவில்லை.

கிளம்புவதற்கு முன் என் கணவர் கடிகாரத்தைப் பார்க்க, நான் மூச்சை எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு 68. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை உள்ள குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 மூச்சைத் தொட்டாலே அது வேகமான மூச்சு என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயது வரை 40. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இங்கே எழுதிவைக்கிறேன். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்கினால் கணக்கு தப்பிவிடும்.

அவசரப் பிரிவில் உட்கார இடமில்லை. மடிக்கு மடி ஒரு குழந்தை. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி இருமல், நீளமாக, ஈரமாக, முடிவில் ஓர் இழுப்போடு. கோவிட் இல்லாத நாடு என்று உலகமே பேசிக்கொண்டிருந்த நாட்டில், நள்ளிரவில் ஒரு மருத்துவமனை முழுக்க மூச்சு வாங்கும் குழந்தைகள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மகனின் கால் பெருவிரலைச் சுற்றி ஒரு பட்டையை ஒட்டினார்கள். உள்ளே சிவப்பு வெளிச்சம். அவ்வளவு சின்ன விரல், வெளிச்சம் பட்டதும் முழுக்கச் சிவந்து ஒளிர்ந்தது. திரையில் 89 என்று வந்தது. ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனின் சதவீதம் அது.

"எவ்வளவு காட்டுது?" அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி அதுதான். சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அம்மாவுக்கு அந்த எண்ணின் அர்த்தம் நன்றாகத் தெரியும். அந்த மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் கோவிட் உறுதியானது. ஆக்சிஜன் கட்டிலுக்காக ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றன. விரலில் மாட்டிப் பார்க்கும் அந்தக் கருவி, தெர்மாமீட்டர்போல வீட்டுக்கு வீடு வந்திருந்தது. அப்பாவுக்குத் தொற்று வந்த பதினான்கு நாளும் அம்மா காலையும் மாலையும் எண்ணைக் காலண்டரில் குறித்துவைத்தாள். 94க்குக் கீழே இறங்கவில்லை, பிழைத்தார். ஆறு வாரம் கழித்து அதே எண்ணைப் பேரனுக்குக் கேட்கிறாள். எங்களைப் பார்க்க வர விசாவெல்லாம் எடுத்து, பையில் கருப்பட்டியும் சுக்கும் கட்டிவைத்திருந்தவள் அவள். 2020 மார்ச் 19 அன்று நியூசிலாந்து எல்லையை மூடியது. பை அப்படியே அலமாரி மேல் ஏறிவிட்டது.

மகனுக்கு வந்திருந்தது ஆர்எஸ்வி. ரெஸ்பிரேட்டரி சின்சீஷியல் வைரஸ் என்று முழுப்பெயர். பெயர்தான் பெரியது, ஆள் நமக்கு ரொம்பப் பழக்கமானவர். இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளும் ஒரு முறையாவது இதைப் பார்த்துவிடுகின்றன. பெரியவர்களில் பெரும்பாலோருக்குச் சாதாரண ஜலதோஷமாக வந்து போய்விடும். நமக்கு ஒருநாள் தும்மல், அவ்வளவுதான். பிறந்து சில மாதமே ஆன குழந்தைக்கு அது நுரையீரலின் கடைசிக் கிளைகள்வரை இறங்கிவிடும். அந்தக் குழல்கள் நூல் அளவுதான். உள்சுவர் வீங்கி, செத்த செல்களும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் காற்று போய்வர வழியில்லை. குழந்தை நெஞ்சுத் தசை முழுவதையும் போட்டு இழுக்கிறது. பள்ளம் விழுவது அப்படித்தான். பிராங்கியோலைட்டிஸ் என்று இதைச் சொல்கிறார்கள்.

உலகம் முழுவதும் 2019இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகள் இந்த ஒரு வைரஸால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் ஏழை நாடுகளிலும் நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளிலும்தான். என் தம்பிக்கு வந்ததும் இதுவாகவே இருக்கலாம். அந்தக் காலத்தில் பாளையங்கோட்டையில் பெயரைச் சோதித்துச் சொல்ல யார் இருந்தார்கள்? நெஞ்சுச்சளி, நிமோனியா, அவ்வளவுதான்.

வார்டில் ஒரு செவிலியர், கோட்டயத்துக்காரர். வேலூரில் படித்ததால் நல்ல தமிழ் பேசினார். வந்ததும் முதலில் கேட்டது, "இன்னைக்கு எத்தனாவது நாள்?" மூன்றாவது என்றேன். "அப்போ இன்னும் ரெண்டு நாள் கூடும். அஞ்சுக்கு மேல இறங்கும். கூடும்போது பயந்துடக்கூடாது, அதான் முன்னாடியே சொல்றேன்." இப்படி நேராகச் சொன்னது எனக்குப் பெரிய பிடிமானமாக இருந்தது.

மூக்கில் குழாய் வைத்து, ஈரமும் சூடும் ஏற்றிய ஆக்சிஜனைக் கொடுத்தார்கள். மூச்சு வாங்கும்போது வாயால் பால் கொடுத்தால் புரையேறும் என்பதால் இன்னொரு மெல்லிய குழாய் மூக்கு வழியாக வயிறுவரை. தாய்ப்பாலைப் பிழிந்து, மேல்பக்கம் திறந்த சிரிஞ்சில் ஊற்றி உயர்த்திப் பிடிக்க வேண்டும். பால் தன் எடையாலேயே இறங்கும். வேகமாக இறங்கினால் கையைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். அழுதால் வயிறு இறுகி பால் சிரிஞ்சுக்குள் மேலேறி வரும், அப்போது காத்திருக்க வேண்டும். அறுபது மில்லி இறங்க இருபது நிமிடம் ஆகும். நான்கு நாளில் அந்த இருபது நிமிடம் எத்தனை முறை வந்தது என்று கணக்கில்லை. கை வலித்ததுகூட அப்போது தெரியவில்லை. பால் இறங்குகிறதா, எண் ஏறுகிறதா, இவை இரண்டுதான் உலகம்.

மருந்து என்று எதுவும் இல்லை. இதுதான் அம்மாவுக்கும் எனக்கும் நடுவே பெரிய விவாதமானது. "ஆன்டிபயாட்டிக் போடலையா? ஒரு நெபுலைசராவது வைக்கச் சொல்லேன்" என்று தினமும் கேட்டாள். நம் ஊரில் சளிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் நெபுலைசரில் மருந்தைப் புகையாக்கி இழுக்கவைக்காமல் அனுப்புகிற கிளினிக் குறைவு. நானும் டாக்டரிடம் கேட்டேன். ஆஸ்துமாவில் குழலைச் சுற்றியிருக்கும் தசை இறுகிக்கொள்கிறது, அதைத் தளர்த்தத்தான் அந்த மருந்து, இங்கே பிரச்சினை தசையில் இல்லை, உள்சுவர் வீக்கத்திலும் அடைப்பிலும் இருக்கிறது என்று விளக்கினார். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கு, இது வைரஸ். செய்யக்கூடியது மூன்று: ஆக்சிஜன், பால் அல்லது நீர், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டுச் சளியை இளக்குவது. மிச்சமெல்லாம் குழந்தையின் உடம்பு பார்த்துக்கொள்ளும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு யோசனை வந்தது. ஒரு பெரியம்மா மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொன்னார். அன்பில்தான் சொன்னார். ஆனால் தயவுசெய்து யாரும் செய்துவிடாதீர்கள். மூக்கில் விடுகிற எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே தனி நிமோனியாவாகிவிடும். கைக்குழந்தைக்குக் கற்பூரம் கலந்த தைலமும் வேண்டாம். ஒரு வயதுவரை தேனும் கூடாது.

இனி நான் முதலில் புரிந்துகொள்ளாத விஷயத்துக்கு வருகிறேன். குளிர்காலத்தில் வரவேண்டிய சளி வந்தது, இதில் என்ன அதிசயம்? அதற்கு முந்தைய குளிர்காலத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

2020இல் நியூசிலாந்தில் குளிர்காலம் வந்தது, சளிக்காலம் வரவில்லை. மார்ச் கடைசியில் ஊரடங்கு, எல்லை மூடல். கோவிட்டை நிறுத்தத்தான் செய்தார்கள், கூடவே மற்றவையும் நின்றுபோயின. அந்த வருடம் அங்கே இன்ஃப்ளுயென்சா 99.9 சதவீதமும், ஆர்எஸ்வி 98 சதவீதமும் குறைந்ததாக விஞ்ஞானிகள் பின்னால் கணக்கிட்டார்கள். சாதாரண ஜலதோஷம் தரும் ரைனோ வைரஸ் மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்தது. அதன் மேல் கொழுப்பு உறை கிடையாது, அதனால் சானிடைசருக்கு மற்றவை அளவுக்கு அது அசைவதில்லை. இன்ஃப்ளுயென்சாவில் பி யமகட்டா என்று ஒரு கிளை உண்டு. 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில் எங்குமே அது இயற்கையாகப் பரவியதற்கு உறுதியான தடயம் இல்லை. மனிதர்கள் கொஞ்ச நாள் விலகி நின்றதில் ஒரு வைரஸ் வம்சமே அற்றுப்போயிருக்கலாம். நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

என் மூத்தவளுக்கு அந்தக் குளிர்காலத்தில் இரண்டு வயது. ஒரு தும்மல் இல்லை. முந்தைய வருடம் மாதம் ஒரு காய்ச்சல் என்று அல்லாடிய எங்களுக்கு அது வரம்போல இருந்தது.

ஆனால் ஆர்எஸ்வி உலகத்தைவிட்டுப் போய்விடவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் குளிர்காலம் முழுக்கக் காணாமல்போய், 2020 செப்டம்பர் வாக்கில், வெயில் தொடங்கும் நேரத்தில் தலையெடுத்தது. கோடையில் நியூ சவுத் வேல்ஸ். 2021 ஏப்ரல் 19 அன்று ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவே தனிமைப்படுத்தல் இல்லாத பயணம் தொடங்கியது. விமான நிலையத்தில் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுத காட்சிகளை டிவியில் பார்த்து, மடியில் மூன்று வாரக் குழந்தையோடு நானும் அழுதேன். எல்லோருடைய கண்ணும் கோவிட் மேல்தான் இருந்தது. ஒரு குழந்தையின் ஒழுகும் மூக்கை யார் தடுத்து நிறுத்த முடியும்?

ஜூன் கடைசிக்குள் அது காட்டுத்தீயாகிவிட்டது. ஐந்தே வாரத்தில் 969 தொற்றுகள் பதிவாயின. வழக்கமாக 29 வாரக் குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்துச் சராசரி 1,743தான். ஆக்லாந்தின் மிடில்மோர் மருத்துவமனையில் குழந்தைகள் விளையாடும் அறையையே வார்டாக மாற்றினார்கள். இங்கே மட்டுமில்லை. அதே ஜூனில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தென் மாநிலங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது, அங்கே அது நடுக்கோடை. ஜப்பானிலும் அந்தக் கோடையில் இதேதான். 2022 இறுதியில் அமெரிக்காவின் குழந்தை மருத்துவமனைகளில் ஆர்எஸ்வி, இன்ஃப்ளுயென்சா, கோவிட் மூன்றும் ஒன்றாக நின்றன. 2023 தொடக்கத்தில் மேற்கு வங்கத்தில் அடினோ வைரஸ் கொல்கத்தாவின் குழந்தைகள் வார்டுகளை நிரப்பியது.

இதற்கெல்லாம் ஒரு பெயர் வைத்தார்கள்: நோய் எதிர்ப்புக் கடன். பிரான்சின் குழந்தைநல மருத்துவர்கள் சிலர் 2021இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய சொல். அவர்கள் சொல்லவந்த கணக்கு சரியானது. எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கவில்லை.

கடன் என்றால் யாரோ வாங்கியிருக்க வேண்டும், யாரோ கட்ட வேண்டும். என் மகன் என்ன வாங்கினான்? வாட்ஸ்அப்பில் அந்தச் சொல் இறங்கியபோது, "வீட்டுக்குள்ளேயே பொத்திப் பொத்தி வளர்த்தா இப்படித்தான், உடம்பில் சத்து இருக்காது" என்று உருமாறியிருந்தது. எதிர்ப்புச் சக்தி என்பது பயன்படுத்தாவிட்டால் மெலிந்துபோகிற தசை இல்லை. ஒரு வைரஸைப் பார்க்காத குழந்தை பலவீனமான குழந்தை ஆகிவிடாது, இன்னும் அதைப் பார்க்காத குழந்தை, அவ்வளவுதான். நடந்தது கூட்டம். ஒரு வருடத்தில் பிறந்த குழந்தைகள் பார்க்க வேண்டியதை இரண்டு வருடங்களில் பிறந்த குழந்தைகள் ஒரே மாதத்தில் பார்த்தார்கள். கட்டில்களும் செவிலியர்களும் பழைய எண்ணிக்கையில்தான் இருந்தார்கள்.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. 2020இல் பிறந்த குழந்தைகளுக்கு அந்த ஒரு வருடம் லாபம். மூன்று மாதத்தில் வரவேண்டியது பதினைந்து மாதத்தில் வந்தது. அதற்குள் மூச்சுக்குழல் அகலமாகியிருக்கும், தாங்கிக்கொள்ளும். நெருக்கடியில் சிக்கியது 2021இல் பிறந்த என் மகன் போன்றவர்கள்.

அதில்தான் என் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போகின்றன. வருடாவருடம் நமக்கு வந்துபோகிற சளிதான் அந்தப் புரதத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எனக்கோ ஒரு வருடத்துக்கு மேலாகத் தும்மல்கூட இல்லை. அப்படியானால் அவனுக்கு நான் கொடுத்தனுப்பியது குறைவா? மூன்றாம் நாள் இரவு, ஆக்சிஜனை ஏற்றிவைத்த பிறகு, அந்தக் கோட்டயத்துச் செவிலியரிடம் கேட்டே விட்டேன்.

அவர் உடனே இல்லை என்று மறுத்துச் சமாதானம் சொல்லவில்லை. "கொஞ்சம் குறைஞ்சிருக்கலாம். எல்லா அம்மாவுக்கும் அப்படித்தான் இந்த வருஷம். ஆனா அந்த ஒரு வருஷம் உங்களுக்குக் கோவிட் வரல. வயித்துல புள்ளையோட வந்திருந்தா?" என்று கேட்டுவிட்டுக் குழாயின் ஒட்டுப்பட்டையை மாற்றப் போய்விட்டார். அதுவரை நியூசிலாந்தில் கோவிட் சாவு மொத்தம் 26. அவருடைய அண்ணன் அந்த மே மாதம் கேரளத்தில் இறந்திருந்தார் என்பது, நாங்கள் வீடு திரும்பும் நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சமோவா குடும்பத்துக் குழந்தை, எங்களுக்கு முன்னால் வந்து எங்களுக்குப் பின்னும் இருந்தது. இந்த நாட்டில் மாவோரி குழந்தைகளும் பசிபிக் தீவுக் குழந்தைகளும்தான் இந்த நோயால் அதிகம் மருத்துவமனைக்கு வருகிறார்கள். குளிர்ந்த, ஈரம் கசியும் வாடகை வீடுகள், சின்ன அறைகளில் நிறைய பேர். எங்கள் வீட்டிலேயே காலையில் படுக்கையறை ஜன்னலில் தண்ணீர் ஓடும், துண்டால் துடைத்துப் பிழிவேன். வாடகை வீட்டின் கூடத்தை 18 டிகிரிவரை சூடாக்க வசதி வேண்டும் என்று 2019இல் விதியே வந்தது. வைரஸ் எல்லோருக்கும் பொதுதான், வீடு பொதுவில்லை.

ஐந்தாம் நாள் மாலை அவன் எண் 95ஐத் தொட்டு அங்கேயே நின்றது. ஆறாம் நாள் குழாய் இல்லாமல் பால் குடித்தான், இடையில் நிறுத்தாமல். ஏழாம் நாள் காலை வீட்டுக்கு அனுப்பினார்கள். இருமல் மட்டும் மூன்று வாரம் இருந்தது.

ஆகஸ்ட் 17 இரவு கோவிட்டின் டெல்டா வகைக்காக நாடு மறுபடி மூடப்பட்டது. அடுத்த சில வாரத்தில் ஆர்எஸ்வி எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. அம்மா வருவது இன்னும் தள்ளிப்போனது. ஒரே கதவு இரண்டையும் சாத்தியது.

இந்த வைரஸை 1956இல் முதலில் கண்டுபிடித்தது சிம்பன்சி குரங்குகளில். 1960களில் தடுப்பூசி செய்து பார்த்தார்கள். அது காக்கவில்லை. போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு நோய் இன்னும் கடுமையாக வந்தது, இரண்டு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாக நெருங்கவில்லை. 2013இல் அமெரிக்காவில் ஜேசன் மெக்லெலனும் பார்னி கிரஹாமும் அவர்கள் குழுவினரும், வைரஸ் செல்லுக்குள் நுழைவதற்கு முன் அதன் புரதம் எந்த உருவில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதே உருவில் உறையவைத்தார்கள். அதே யோசனைதான் பின்னால் கோவிட் தடுப்பூசிகளுக்கும் போனது. இரண்டு நோயும் ஒரே ஆராய்ச்சி மேசையில் சந்தித்திருக்கின்றன. 2023இல் அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு ஆர்எஸ்வி தடுப்பூசிக்கும், பிறந்த குழந்தைக்கு நேரடியாக எதிர்ப்புப் புரதம் தரும் நிர்செவிமாப் ஊசிக்கும் அனுமதி கிடைத்தது. இதில் முதலாவது, நான் கொடுக்க முடியாமல் போனதைத் தாய் வழியாகவே கொடுக்கிற ஊசி. அது பாளையங்கோட்டைக்கு, எல்லோரும் வாங்கக்கூடிய விலையில், சீக்கிரம் வர வேண்டும். ஒரு லட்சம் சாவும் எங்கே நடக்கிறது என்பதுதான் தெரிந்திருக்கிறதே.

நியூசிலாந்து எல்லை 2022 ஜூலை 31 நள்ளிரவில் முழுக்கத் திறந்தது. அக்டோபரில் அம்மா வந்தாள். பதினெட்டு மாதப் பேரன் அவளைப் பார்த்து அலறி என் காலைக் கட்டிக்கொண்டான். போனுக்குள் இருக்கிற ஆச்சி வெளியே வந்துவிட்டது அவனுக்குப் பிடிபடவில்லை. இரண்டு நாளில் பழகினான். மூன்றாம் நாள் அவனுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

அன்றிரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது அம்மா அறையில் வெளிச்சம். அவன் அவள் பக்கத்தில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். சட்டை கழுத்துவரை ஏறியிருந்தது. அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் அவன் நெஞ்சைப் பார்ப்பதுமாக, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். நான் நிலையில் சாய்ந்து, அவள் முடிக்கும்வரை நின்றேன்.

"முப்பது" என்றாள். சட்டையை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.